வாளியோ ஹோஸோ: ரொறன்ரோ பேஸ்மென்டுக்கு எந்த டீஹியூமிடிஃபையர் வாங்கிறது?

முந்தின வருசம் நல்லூர்த் திருவிழாவுக்கெண்டு குடும்பத்தோட ஊருக்குப் போய் அஞ்சு கிழமை நிண்டிட்டு வந்தம். வந்து இறங்கேக்க விடியக்காலமை நாலு மணி, பெட்டியளை ஹோலில போட்டிட்டு கீழ பேஸ்மென்ட் கதவைத் திறந்தன், மூக்கில அடிச்ச மணத்திலயே விளங்கிட்டுது. மகன்ர மிருதங்கம் உறையோட மூலைக்க கிடந்தது, உறையைக் கழட்டினால் தோல் முழுக்க பச்சைப் பூஞ்சணம். மனிசின்ர கூறைச்சேலை அட்டைப்பெட்டிக்க இருந்தது, கரை நீளத்துக்கு சாம்பல் புள்ளியள். டீஹியூமிடிஃபையர் (காத்தில இருக்கிற ஈரத்தைத் தண்ணியாக்கி வாளிக்க விடுற மெசின், வாளி நிரம்பினால் தானா நிண்டிடும்) இல்லாத வீடு எண்டாலும் பரவாயில்லை, அது அங்கதான் நிக்குது, பிளக் குத்தினபடி, சிவப்பு லைட் எரிஞ்சபடி. நாங்கள் பிளேன் ஏறின அடுத்த நாளே வாளி நிரம்பியிருக்கும், அதுக்குப் பிறகு முப்பத்திச்சொச்சம் நாளும் அது சும்மா நிண்டிருக்கு.

பிழை மெசினில இல்லை, என்னிலதான். வாங்கேக்க நான் பாத்தது விலை, பிறகு எத்தினை பைன்ட் (ஒரு நாளைக்கு எடுக்கிற தண்ணியின்ர அளவு), பிறகு சத்தம், அவ்வளவுதான். எடுக்கிற தண்ணி எங்க போகப்போகுது எண்டு ஒரு நிமிசம் யோசிக்கேல்லை. அதுக்குப் பிறகு ரொறன்ரோப் பக்கத்திலயே ஸ்காபரோவில எனக்கு ஒண்டு, மார்க்கம் நகரில இருக்கிற மச்சானுக்கு ஒண்டு, பிராம்ப்டனில சித்திக்கு ஒண்டு எண்டு மூண்டு வீட்டுக்கு பாத்து எடுத்துக் குடுத்திட்டன், மூண்டும் மூண்டு விதமா முடிஞ்சுது, அதைத்தான் எழுதப்போறன்.

மெசினுக்கு போகமுதல் ஒரு விசயம், எங்கட பேஸ்மென்ட் கோடையில ஏன் இப்பிடி ஊறுது எண்டு விளங்கினால்தான் மிச்சமெல்லாம் விளங்கும். மண்ணுக்குள்ள கிடக்கிற சுவரும் நிலமும் ஜூலையிலயும் 17, 18 டிகிரியிலதான் நிக்கும். வெளியில 28 டிகிரி, ஈரப்பதன் 65 வீதம் எண்டு வையுங்கோ, அந்தக் காத்து கிட்டத்தட்ட 21 டிகிரிக்கு கீழ இறங்கின உடனயே தண்ணியாகத் தொடங்கும். பிரிட்ஜுக்கால எடுத்த சோடாப் போத்தில் மேசையில வேர்க்குதெல்லோ, அதேதான், சுவரும் தண்ணிக்குழாயும் கார்பெட்டுக்கு கீழ இருக்கிற கொங்கிறீட்டும் வேர்க்குது, ஆனால் அது எங்கட கண்ணில படாது. எங்கட மாமி கோடை வந்தால் "காத்து வரட்டும், மணம் போகும்" எண்டு கீழ் யன்னல் எல்லாத்தையும் திறந்து விடுவா. ஊரில அது சரி, வீட்டுக்கு உள்ளயும் வெளியயும் ஒரே சூடு. இங்க ஜூலையில யன்னலைத் திறக்கிறது தண்ணியைக் காசில்லாமல் உள்ள கூப்பிடுற வேலை. ஜனவரியில அப்பிடியே மாறி நடக்கும், வெளிக் காத்து காய்ஞ்ச காத்து, அதை உள்ள எடுத்து சூடாக்கினால் இன்னும் காயும், அதால நவம்பரில இருந்து ஏப்ரல் வரைக்கும் பெரும்பாலான வீட்டில மெசின் ஓடவே தேவையில்லை. அந்த மாசங்களில கை வெடிக்கும், உதடு வெடிக்கும், அது வேற கதை.

முதல் செலவு மெசினுக்கு இல்லை, 15 டொலருக்கு ஒரு ஈரப்பதன் மீட்டர் வாங்குங்கோ, ரெண்டெண்டால் இன்னும் நல்லம். அதுவும் பொய் சொல்லும், எண்டாலும் பொய்யைக் கண்டுபிடிக்க ஒரு வழி இருக்கு. சோடாப் போத்தில் மூடி ஒண்டுக்குள்ள கறியுப்பைப் போட்டு நாலஞ்சு துளி தண்ணி விடுங்கோ, கரையக்கூடாது, களி மாதிரி இருக்கவேணும், பிறகு மூடியையும் மீட்டரையும் ஒரு சிப்லொக் பையுக்குள்ள வைச்சு இறுக்கி மூடி இரவு முழுக்க விடுங்கோ. விடிய 75 வீதம் காட்டவேணும். என்ர மீட்டர் 71 காட்டினது, அப்ப நான் எப்பவும் நாலைக் கூட்டித்தான் வாசிக்கிறன். ஹெல்த் கனடா, அதாவது கனடாவின்ர சுகாதாரத் திணைக்களம், சொல்லுறது கோடையில 50 வீதமளவு, குளிர்காலத்தில 30 வீதமளவு. 60க்கு மேல நாள்கணக்கா நிண்டால் பூஞ்சணம் வரத் தொடங்கிடும், 50க்கு மேல எண்டால் தூசிப்பூச்சிக்கு கொண்டாட்டம், வீட்டில தொய்வுக்காரர் இருந்தால் அதுதான் பெரிய பிரச்சினை. ஜூன் மாசம் உங்கட பேஸ்மென்ட் மெசினில்லாமலே 52 காட்டுதெண்டால் இதோட வாசிப்பை நிப்பாட்டிட்டு அந்தக் காசை வேற எதுக்கும் வைச்சிருங்கோ.

இன்னொரு சோதனையும் இருக்கு, அதையும் மெசின் வாங்கமுதல் செய்யவேணும். பிளாஸ்ரிக் சீட் ஒண்டை ஒண்டரை அடிச் சதுரமா வெட்டி வெறுங் கொங்கிறீட்டில நாலு பக்கமும் டேப் அடிச்சு ஒட்டி ரெண்டு நாள் விடுங்கோ. சீட்டுக்கு மேல வேர்த்திருந்தால் ஈரம் காத்தில, டீஹியூமிடிஃபையர் அதுக்குத்தான். சீட்டுக்கு கீழ நனைஞ்சு கொங்கிறீட் கறுத்திருந்தால் ஈரம் மண்ணுக்கால வருது, அதுக்கு மெசின் பூட்டிறது பொத்தல் வள்ளத்தில இருந்து கோப்பையால தண்ணி இறைக்கிற கணக்கு. ஸ்காபரோவில 1950, 60களில கட்டின பங்களோக்களுக்கு கன இடத்தில சீமெந்துக்கல் அத்திவாரம், அந்தக் கல்லில வெள்ளையா உப்புப் பூத்த மாதிரி பொடி கிடந்தால் மெசினை விட்டிட்டு வெளிய போய் டவுன்ஸ்பவுட், அதாவது கூரைத்தண்ணி இறங்கிற குழாய், எங்க தண்ணியை விடுது எண்டு பாருங்கோ. 1000 சதுர அடிக் கூரையில 25 மில்லிமீட்டர் மழை பெய்தால் 2300 லீட்டர் தண்ணி, அது அத்திவாரத்துக்குப் பக்கத்தில ஊத்துப்பட்டால் ஒரு நாளைக்கு 20 லீட்டர் எடுக்கிற மெசின் என்னத்தைச் செய்யிறது? என்ர வீட்டில பின் மூலைக் குழாய் கழண்டு சுவரோட ஒட்டித்தான் விட்டுக்கொண்டிருந்தது, 12 டொலருக்கு ஒரு நீட்டுக் குழாய் பூட்டி ஆறடி தள்ளி விட்டன், அந்த மூலையில மீட்டர் ஏழு எட்டு வீதம் குறைஞ்சுது. 2013 ஜூலை 8, 2024 ஜூலை 16 மாதிரி மழையெண்டால் உது ஒண்டும் காணாது, அதுக்கு சம்ப் பம்ப் (நிலத்துக்கு கீழ சேருற தண்ணியை வெளிய தள்ளுறது), பக்வோட்டர் வால்வ் (சாக்கடைத் தண்ணி திரும்பி வராமல் மறிக்கிறது) எண்டு வேற சாமான் வேணும், ரொறன்ரோ சிற்றி அதுகளுக்கு மானியமும் குடுக்குது, அதை தனியாப் பாருங்கோ.

சரி, ஈரம் காத்திலதான் எண்டு முடிவாச்சு. அப்பவும் உடன மெசினுக்கு ஓடத்தேவையில்லை எண்டு சொல்லுற ஆக்கள் இருக்கினம், ஏசி இருக்கே எண்டு. ஏசி ஈரத்தை எடுக்கும், உண்மை. ஆனால் அதின்ர தேர்மொஸ்ரற் மேல் மாடியில இருக்கு, மேல குளிர்ந்த உடன அது நிக்கும், மே மாசக் கடைசியும் செப்ரெம்பரும் ஏசி ஓடவே ஓடாது, ஆனால் பேஸ்மென்ட் ஊறுறது அந்த மாசங்களிலயும்தான். அதோட ஏசி கீழயும் குளிர்க் காத்தை விட்டு சுவரை இன்னும் குளிராக்கும். புது வீடுகளில இருக்கிற ஹெச்ஆர்வி, அதாவது உள் காத்தின்ர சூட்டைப் பிடிச்சுக்கொண்டு வெளிக் காத்தை உள்ள எடுக்கிற மெசின், குளிர்காலத்தில நல்ல வேலை செய்யும், கோடையில வெளி ஈரத்தைத்தான் கொண்டு வந்து தள்ளும், மச்சான்ர வீட்டில அதை ஜூலையில 24 மணித்தியாலமும் ஓடவிட்டு வைச்சிருந்திச்சினம், நிப்பாட்டின ரெண்டாம் நாளே 68இல இருந்து 61க்கு வந்திட்டுது. ஃபேன் போடுறதால சுவர் காயும், காத்தில இருக்கிற தண்ணி எங்கயும் போகாது.

இனி சின்னச் சாமான்கள், இதுகளைக் கெதியாச் சொல்லி முடிக்கிறன். டொலர் கடையில விக்கிற வெள்ளைக் குறுணி டப்பா, கல்சியம் குளோரைட், அது ஒரு டப்பா நிரம்ப கிழமைக்கணக்கு எடுக்கும், என்ர பேஸ்மென்டில ஜூலையில ஒரு நாளைக்கு 10, 11 லீட்டர் வருது, கணக்கை நீங்களே போடுங்கோ. அலுமாரிக்குள்ள, சூட்கேசுக்குள்ள, சேலைப் பெட்டிக்குப் பக்கத்தில வைக்கலாம், அதுக்கு நல்லம், ஆனால் அந்தத் தண்ணி கார்பெட்டில கொட்டுப்பட்டால் அந்த இடம் பிறகு காயவே காயாது, உப்புத்தண்ணி திருப்பித் திருப்பி ஈரத்தை இழுத்துக்கொண்டே இருக்கும். அடுத்தது ஒன்லைனில 60, 70 டொலருக்கு வாற வடிவான குட்டி மெசின், சத்தமே இல்லை, நிறம் நிறமா லைட் எரியும், கொம்பிரசர் இல்லாதது. சித்தி முதல் வாங்கினது உதுதான். 60 வாட் படி நாள் முழுக்க ஓடினால் 1.4 யூனிட் கரண்ட், அதுக்கு அது எடுத்தது 300 மில்லிலீட்டர், ஒரு பால்ப்பேணிக்குள்ள அடங்கும். அதே கரண்டுக்கு ஒழுங்கான மெசின் எட்டொன்பது மடங்கு தண்ணி எடுக்கும். இந்தக் குட்டி மெசின் பெட்டியில எழுதின அளவெல்லாம் 30 டிகிரி, 80 வீத ஈரப்பதனில பாத்தது, அப்பிடி ஒரு பேஸ்மென்ட் கனடாவில இல்லை.

அப்ப ஒழுங்கான மெசின் எண்டால் கொம்பிரசர் உள்ளது, பிரிட்ஜ் மாதிரி ஒரு உலோகச் சுருளைக் குளிராக்கி அதில காத்தை வேர்க்க வைக்கிறது, கடையில மூண்டு அளவு, 20 அல்லது 22 பைன்ட், 35 பைன்ட், 50 பைன்ட். ஒரு பைன்ட் 473 மில்லிலீட்டர், அப்ப 50 பைன்ட் எண்டால் ஒரு நாளைக்கு 23 லீட்டருக்கு மேல. இதில ஒரு குழப்பம் இருக்கு, கன பேர் இதில ஏமாறினம். 2019க்கு முதல் அமெரிக்காவில இந்த மெசினை 80 பாகை பரனைட்டில, அதாவது 27 டிகிரியில வைச்சுச் சோதிச்சு அளவு எழுதிச்சினம், 2019 ஜூனில இருந்து 65 பாகை, 18 டிகிரியில சோதிக்கவேணும் எண்டு சட்டம் மாறிட்டுது. குளிர்க் காத்தில தண்ணி குறைவு, அதால அதே மெசின் அதே உருவம், முந்தி 70 பைன்ட் எண்டு வந்தது இப்ப 50 எண்டு வருது, முந்தின 50 இப்ப 35, முந்தின 30 இப்ப 20, 22. ஆக பழசு விக்கிறவர் "தம்பி இது 70 பைன்ட், கடையில இப்ப கிடைக்காது" எண்டால் சிரிச்சிட்டு வாங்கோ, அது கடையில 50 எண்டு நிக்குது. நல்ல பக்கம் என்னெண்டால் புது எண் எங்கட பேஸ்மென்ட் குளிருக்கு கிட்டத்தட்ட உண்மையான எண்.

எந்த அளவு வாங்கிறது எண்டதில எனக்குச் சந்தேகமில்லை, 600 சதுர அடிக்கு மேல எண்டால் 50. நான் பாக்கேக்க 22 பைன்ட் 200 டொலர் மட்டில, 50 பைன்ட் 300 மட்டில நிண்டது, வித்தியாசம் 100 டொலர்தான். கரண்ட் கூட இழுக்கும் எண்டு பயப்பிடுற ஆக்களுக்கு ஒரு கணக்கு. லேபலில ஒரு யூனிட் கரண்டுக்கு எத்தினை லீட்டர் எண்டு ஒரு எண் இருக்கும், அதுதான் முக்கிய எண், வாட் இல்லை. 2019இல வந்த எனர்ஜி ஸ்ரார் (கரண்ட் மிச்சம் பிடிக்கிற மெசினுக்குக் குடுக்கிற முத்திரை) அளவுகோலில 25 பைன்ட் வரைக்கும் ஆகக்குறைஞ்சது 1.57, அதுக்கு மேல 50 வரைக்கும் 1.80. 10 லீட்டர் எடுக்க சின்னனுக்கு 6.4 யூனிட், பெரிசுக்கு 5.6. சின்னது நாள் முழுக்க மூச்சு வாங்கும், பெரிசு பத்து பன்னிரண்டு மணித்தியாலம் ஓடிப்போட்டு நிக்கும். யூனிட்டுக்கு எல்லாம் சேத்து 13 சதம் எண்டு வைச்சால் பெரிசுக்கு ஜூலை ஹைட்ரோ பில்லில (இங்க கரண்ட் பில்லை அப்பிடித்தான் சொல்லுறது) 22, 23 டொலர் கூடும், மேயிலயும் ஒக்ரோபரிலயும் அதில பாதியும் வராது. இன்னொண்டு, ஒரு லீட்டர் தண்ணி காத்தில இருந்து இறங்கேக்க 0.68 யூனிட் சூட்டை விட்டிட்டுத்தான் இறங்கும், மெசின்ர கரண்டும் கடைசியில சூடாத்தான் போகும், ஆக நாளைக்கு 10 லீட்டர் எடுக்கிற மெசின் 500 வாட் ஹீற்றர் நாள் முழுக்க எரிஞ்ச மாதிரி. எங்கட குளிர் பேஸ்மென்டுக்கு அது பிழையில்லை, அம்மா கீழ போய் ரிவி பாக்கேக்க இப்ப சால்வை போடுறேல்லை. கீழ வெக்கையான வீடெண்டால் இதை முதலே யோசிச்சுக்கொள்ளுங்கோ.

இனித்தான் சாப்பாடே, தண்ணி எங்க போறது.

பெரிய மெசின்ர வாளி ஆறு ஏழு லீட்டர், சின்னனுக்கு மூண்டு நாலு. என்ர பேஸ்மென்டில 10, 11 லீட்டர் எண்டு சொன்னனான், அப்ப ஒரு நாளைக்கு ரெண்டு தரம் ஊத்தவேணும். முதல் கிழமை நீங்கள் ஊத்துவீங்கள், ரெண்டாம் கிழமை பிள்ளையளைக் கத்திக் கத்தி ஊத்துவிப்பீங்கள், மூண்டாம் கிழமை அது நிரம்பி ரெண்டு நாளா நிக்குது எண்டு ஆரும் கவனிக்கிறேல்லை. நிரம்பின வாளியோட நிக்கிற 50 பைன்ட் மெசின்ர அளவு பூச்சியம் பைன்ட், கடையில உதை ஆரும் சொல்லமாட்டினம். வாளியும் கிட்டத்தட்ட ஏழு கிலோ, நிறைய நிறையத் தூக்கிக்கொண்டு லோன்ட்ரி தொட்டி மட்டும் நடக்கிறது எங்கட அம்மாவின்ர முழங்காலுக்குச் சரிவராது.

எல்லா ஒழுங்கான மெசினுக்கும் பின்னால ஒரு ஓட்டை இருக்கு, தோட்ட ஹோஸ் பூட்டலாம். வீட்டைச் சூடாக்கிற ஃபேர்னஸ் நிக்கிற அறையில நிலத்தில ஃப்ளோர் ட்ரெயின், அதாவது தண்ணி வடியிற ஓட்டை, இருந்தால் நாலடி ஹோஸ், முடிஞ்சுது, வாளியே வேண்டாம். ஆனால் அது பூமியீர்ப்பில ஓடுற தண்ணி, ஹோஸ் எங்கயும் ஒரு அங்குலம்கூட மேல ஏறக்கூடாது, வளைஞ்சு தொப்பை போடக்கூடாது, நான் முதல் நாள் மெசினை நிலத்தில வைச்சுப் பூட்டினன், ஹோஸ் நடுவில கொஞ்சம் உயர்ந்து கிடந்தது, விடியப் பாத்தால் தண்ணி முழுக்க வாளிக்கத்தான். ரெண்டு சீமெந்துக் கல்லை அடுக்கி மெசினை மேல தூக்கி வைச்சன், அண்டைக்கு ஓடத் தொடங்கின தண்ணி இண்டைக்கும் ஓடுது. இதில நான் எதிர்பாராத ஒரு லாபமும் வந்தது. பேஸ்மென்டில சிலநேரம் கக்கூஸ் மணம் மாதிரி ஒண்டு வந்துகொண்டிருந்தது, அது பூஞ்சணம் இல்லையாம், ஃப்ளோர் ட்ரெயினுக்கு கீழ வளைவில நிக்கவேண்டிய தண்ணி காய்ஞ்சு போய் சாக்கடைக் காத்து மேல வந்திருக்கு. இப்ப மெசின் தண்ணி அதுக்குள்ள ஓடுறபடியால் அந்த வளைவு காயிறேல்லை, மணமும் இல்லை.

ட்ரெயின் இல்லை, அல்லது ட்ரெயின் ஒரு பக்கம் ஈரம் மற்றப் பக்கம் எண்டால் பம்ப் வேணும். மெசினுக்குள்ளயே பம்ப் உள்ள மொடல் 60இல இருந்து 100 டொலர் கூட வரும், மெல்லிய குழாயால 15 அடி மட்டும் மேல தள்ளும், யன்னலுக்கால வெளிய விடலாம், லோன்ட்ரி தொட்டிக்குள்ள விடலாம். மார்க்கத்தில மச்சானுக்கு இதுதான் எடுத்தனாங்கள், அவன்ர பேஸ்மென்ட் முழுக்க ட்ரைவாலும் மரநிலமும், ட்ரெயின் ஒரு பூட்டின அறைக்குள்ள. நல்லாத்தான் ஓடுது. ஆனால் எனக்கு அந்த உள் பம்பில முழு நம்பிக்கை இல்லை, அது பழுதானால் மெசினையே தூக்கி எறியவேண்டி வரும், ஏனெண்டால் திருத்திற கூலி புது மெசின் விலைக்குக் கிட்ட. இடமிருந்தால் பம்ப் இல்லாத மெசினை வாங்கி, ஃபேர்னஸுக்குப் பக்கத்தில வைக்கிற சின்னக் கொண்டென்சேற் பம்பை (மெசினில வடியிற தண்ணியைச் சேத்து மேல தள்ளுறது) தனிய வாங்கிறது கெட்டித்தனம், அது 80, 90 டொலர், பழுதானால் அதை மட்டும் மாத்தலாம். கன வீட்டில ஹை-எஃபிசியன்சி ஃபேர்னஸுக்கு அந்தப் பம்ப் ஏற்கெனவே நிக்கும், கோடையில ஃபேர்னஸுக்கு அதில வேலையும் இல்லை, ஒருக்கா எட்டிப் பாருங்கோ.

சித்தியின்ர கதை வேற. அவ தனிய இருக்கிறா, பேஸ்மென்ட் ஒரு அறையும் குளிர்ச்சாமான் வைக்கிற இடமும்தான், அரிசி மூட்டை, மிளகாய்த்தூள், ஒடியல், கருவாடு எல்லாம் அங்க. 350 சதுர அடி இருக்கும். அவவுக்கு 22 பைன்ட் காணும், வாளியும் காணும், விடிய ஒருக்கா ஊத்துறது அவவுக்கு ஒரு வேலையாவும் இருக்கு. முதல் அந்தத் தண்ணியைக் கறிவேப்பிலைச் சாடிக்கு ஊத்திக்கொண்டிருந்தா, வேண்டாம் எண்டு சொல்லி நிப்பாட்டினது நான்தான், உலோகச் சுருளில வழிஞ்சு தூசியும் பூஞ்சணமும் சேந்து வாற தண்ணி, பூக்கண்டுக்கு ஊத்தலாம், சாப்பிடுறதுக்கு வேண்டாம்.

கொம்பிரசர் இல்லாமல் சிலிக்கா ஜெல் மாதிரி ஒரு சக்கரமும் ஹீற்றரும் வைச்சு ஓடுற டெசிக்கன்ட் மெசின் ஒண்டும் இருக்கு, லண்டனில தம்பியின்ர வீட்டில அதுதான். அங்க ஈரம் குளிர்காலத்தில, பத்துப் பன்னிரண்டு டிகிரியில, கொம்பிரசர் மெசினுக்கு அந்தக் குளிரில சுருளில ஐஸ் பிடிச்சு பாதி நேரம் உருகவைக்கிறதிலயே போகும், டெசிக்கன்டுக்கு அந்தப் பிரச்சினை இல்லை, கரண்ட் கூட இழுத்தாலும் அறையும் சூடாகும். எங்களுக்கு ஈரம் கோடையில, அதால ரொறன்ரோவில இதைத் தேடி அலையத்தேவையில்லை.

ஃபேர்னஸ் குழாயோட சேத்துப் பூட்டிற முழு வீட்டு டீஹியூமிடிஃபையர், 70இல இருந்து 100 பைன்ட், பூட்டிற கூலியோட 3000 டொலருக்கு மேலயும் போகும். சத்தம் கேக்காது, வாளி இல்லை, நிண்டு உழைக்கும். அறை அறையாப் பிரிச்ச பெரிய பேஸ்மென்ட், கீழ ரெண்டு குடும்பம் வாடகைக்கு, அப்பிடியெண்டால் யோசிக்கலாம். மற்றவைக்கு இது திருமண மண்டபத்துக்கு வாங்கிற கிடாரத்தில வீட்டுக்கு ரசம் வைக்கிற மாதிரி.

வாடகைக்கு விட்ட பேஸ்மென்ட் எண்டால் ஒரு சிக்கல், மெசின் அவையின்ர பகுதியில நிண்டால் சத்தம் எண்டு நிப்பாட்டி விடுவினம், அவையைக் குறை சொல்லவும் ஏலாது, 50 டெசிபெல் காதுக்குப் பக்கத்தில இரவு முழுக்க எண்டால் ஆருக்கு நித்திரை வரும். கீழ சமையல், குளியல், உடுப்புக் காயப்போடுறது எல்லாம் சேந்தால் ஈரம் இன்னும் கூட. ஃபேர்னஸ் அறைக்குள்ள வைச்சு, அந்தக் கதவில காத்துப்போக இடைவெளியுள்ள கிறில் போட்டு விடுறதுதான் நான் கண்ட நல்ல வழி, ஹைட்ரோ பில் ஆர் கட்டுறது எண்டதையும் முதலே கதைச்சு வைச்சுக்கொள்ளுங்கோ.

பழைய மெசின் 60 டொலருக்கு ஒன்லைனில கிடக்குது எண்டு வாங்கப் போறவைக்கு மட்டும் ஒரு எச்சரிக்கை. 2013இல கிரீ எண்ட கொம்பனி செய்த 20 லட்சத்துக்கு மேற்பட்ட டீஹியூமிடிஃபையர் தீப்பிடிக்கிற ஆபத்து எண்டு ரீகோல் செய்யப்பட்டது, அதாவது வித்ததைத் திருப்பி எடுத்தது, 2021இல வேற ஒரு தயாரிப்பாளரின்ர 20 லட்சமளவு, 2023இல திருப்பியும் கிரீயின்ர 15 லட்சத்துக்கு மேல. இதில பிரச்சினை என்னெண்டால் ஒரே ஃபக்டரியில செய்து பத்துப் பன்னிரண்டு பிரான்ட் பெயரில வித்தவை, மேல ஒட்டியிருக்கிற பெயரைப் பாத்து ஒண்டும் சொல்லேலாது. பின்பக்க லேபலில மொடல் நம்பரையும் செய்த திகதியையும் ஃபோனில படமெடுத்து ஹெல்த் கனடா ரீகோல் பக்கத்தில தேடிப்போட்டு காசைக் குடுங்கோ. புதுசோ பழசோ, எக்ஸ்ரென்சன் வயரில மட்டும் குத்தாதேங்கோ, சுவர்ப் பிளக்கில நேரா. பெரிய ஃப்ரீசர் குத்தின அதே லைனிலயும் வேண்டாம், பிரேக்கர் விழுந்தால் கருவாடும் போகும் மெசினும் நிக்கும்.

மிச்ச வசதியளில நான் காசு குடுக்கிறது ஒண்டே ஒண்டுக்கு, கரண்ட் போய் வந்தால் தானா திருப்பி ஓடுறது. பெட்டியில எழுதியிருக்கும், நம்பாதேங்கோ, வாங்கின அண்டே ஓடேக்க பிளக்கைப் புடுங்கி அஞ்சு நிமிசத்தால திருப்பிக் குத்திப் பாருங்கோ, தானா பழைய செற்றிங்கில ஓடாட்டி கொண்டுபோய்த் திருப்பிக் குடுங்கோ. வைஃபை வேணுமெண்டால் வைச்சுக்கொள்ளுங்கோ, ஊரில இருந்து பாக்கலாம், ஆனால் வாளி நிரம்பிட்டுது எண்டு யாழ்ப்பாணத்தில ஃபோன் சொன்னால் என்ன செய்யிறது, பக்கத்து வீட்டுக்காரரை எழுப்புறதே? மெசின்ர சொந்த ஈரமானியையும் நம்பவேண்டாம், அது சுருளுக்குப் பக்கத்தில இருக்கிறபடியால் அஞ்சு பத்து வீதம் பிழைக்கும், நான் மெசினை 45இல வைச்சால்தான் அறையின்ர மறுகரையில மீட்டர் 50 காட்டுது. கொம்பிரசர் நிண்ட பிறகும் ஃபேன் ஓடுற மாதிரி செற்றிங் இருந்தால் அதை நிப்பாட்டுங்கோ, சுருளில ஒட்டியிருக்கிற தண்ணியை அது திருப்பிக் காத்துக்கே ஊதிவிடும். ஃபில்ற்றரை ரெண்டு கிழமைக்கு ஒருக்கா குழாய்த் தண்ணியில கழுவினால் காணும்.

என்ர வீட்டில இப்ப நிக்கிறது 50 பைன்ட், பம்ப் இல்லாதது, ரெண்டு சீமெந்துக் கல்லுக்கு மேல, ஹோஸ் ட்ரெயினுக்குள்ள. போன ஆவணியில திருப்பியும் நல்லூருக்குப் போய் நாலு கிழமை நிண்டிட்டு வந்தம், வந்த உடன கீழ ஓடிப்போய் மீட்டர்ர மெமறியைப் பாத்தன், ஆகக்கூடினது 54. கூறைச்சேலைப் புள்ளியள் ட்ரைகிளீனிங்கில முக்கால்வாசி போச்சுது, மிருதங்கத்துக்கு வலந்தலையே மாத்தவேண்டி வந்தது. மிருதங்கத்தை மட்டும் மனிசி இன்னும் கீழ விடுறேல்லை, மேல சாமியறைக்குப் பக்கத்திலதான் நிக்குது.